நாலெழுத்துச் சோளம்

ஆகஸ்ட் 7, ஞாயிறு

இந்த நோட்டு என் பேத்தி ஜெயமாரி கொடுத்தது. சோளத்தைப் பற்றி மட்டும் எழுது ஆச்சி என்று சொல்லியிருக்கிறாள். எழுதி முடித்ததும் கோயம்புத்தூரில் அவளுடைய ஆராய்ச்சி நிலையத்துக்குப் போகுமாம், பெரிய சார் பார்ப்பாராம். பார்க்கிறவருக்கு இது யார் வீட்டு நோட்டு என்று தெரிய வேண்டாமா. ஆகையால் முதலில் குடும்ப விவரம்.

என் பெயர் சண்முகத்தாய். வயது எழுபத்தொன்று. படிப்பு ஐந்தாவது. ஊர் விளாத்திகுளம் பக்கம். பேரப்பிள்ளைகள் நாலு பேர். மூத்தவன் அருள்ராஜ், கப்பலில் இன்ஜினியர், அவன் கால் வைக்காத துறைமுகம் கிடையாது. அடுத்தவள் பாலசுந்தரி, மதுரையில் பேங்கில் இருக்கிறாள், தனிக் கண்ணாடி அறை, அவளைப் பார்க்க வருகிறவர்களுக்கு வெளியே நாற்காலி போட்டிருக்கிறது. மூன்றாவது தினகரன், சப்-இன்ஸ்பெக்டர் பரீட்சையில் தேறி டிரெயினிங்கில் இருக்கிறான், ஓட்டத்தில் மாவட்டத்திலேயே இரண்டாவதாக வந்தான். நாலாவது ஜெயமாரி, எம்.எஸ்சி.யில் தங்க மெடல். இப்போது டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, சோளத்துக்கு டாக்டர். நாலு பேர் படமும் சட்டம் போட்டு முன்அறைச் சுவரில் மாட்டியிருக்கிறேன். ஐந்தாவது ஆணியில் காலண்டர்.

இனி சோளம். இன்று காலை ஜெயமாரி மூன்று மண்பானைகளில் சோளம் கொண்டுவந்து இறக்கினாள். 1, 2, 3 என்று சுண்ணாம்பால் நம்பர் போட்டிருந்தது. மூன்றும் ஒரே கரிசலில் விளைந்து ஒரே நாளில் அறுத்தவை, வித்தியாசம் விதைக்குள்ளேதான் என்றாள். பிறகு ஒரு கண்ணாடிக் குப்பியைத் திறந்து, பானைக்கு இருபது வண்டு எண்ணி உள்ளே விட்டாள்.

"ஏட்டி, வண்டு விழாம இருக்கத்தான் நாங்க தலகீழா நிக்கோம். நீ கூட்டிட்டு வந்து குடி வைக்க."

"எதத் திங்குது, எதத் திங்க முடியாமத் தோக்குதுன்னு பாக்கணும் ஆச்சி. லேப்ல பாத்தாச்சு. வீட்ல வச்சுப் பாத்துட்டு வான்னு சார் சொல்லிட்டாரு. நவம்பர்ல தீசிஸ் கொடுக்கணும்."

ஞாயிறுதோறும் ஒவ்வொரு பானையிலும் நூறு மணி எடுத்து, வெள்ளைத் தாளில் பரப்பி, ஓட்டை விழுந்தது எத்தனை என்று எண்ணி எழுதிவிட்டுத் திரும்பப் போட வேண்டும். வெயிலில் காயப்போடக் கூடாது. வேப்பிலை போடக் கூடாது. சுளகில் போட்டுப் புடைக்கக் கூடாது. "சும்மா இருக்கணும் ஆச்சி. அதுதான் வேல" என்றாள். எழுத்துக்கும் ஒரு சட்டம் சொன்னாள். தப்பாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது, தாளைக் கிழிக்கக் கூடாது. குறுக்கே ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, தேதி போட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். அடித்தது என்ன என்று படிக்கத் தெரிய வேண்டுமாம்.

"மூணுல ஒண்ணு நான் உண்டாக்குனது. எதுன்னு சொல்ல மாட்டேன். சொன்னா நீ ஓரவஞ்சன பண்ணுவ."

சொல்ல வேண்டியதில்லை. இரண்டாம் பானைக்கு வாய்த்துணி கட்டும்போது இரண்டு முடிச்சுப் போட்டாள்.

ஆகஸ்ட் 8, திங்கள்

கடிக்கக் கூடாது என்று அவள் சொல்லவில்லை. மூன்றிலும் ஒவ்வொரு மணி எடுத்துக் கடித்துப் பார்த்தேன். ஒன்று கல். பல் பேசியது. இரண்டு கடித்ததும் மாவாகி நாக்கில் ஒட்டிக்கொண்டது, ஒரு தித்திப்பு. மூன்று என்ன என்று சொல்லத் தெரியவில்லை, ஒன்றுக்குத் தங்கச்சி மாதிரி.

இரண்டுதான் அவளுடையது. பால் மாதிரி வெள்ளை. பெற்றவள் முடிச்சுப் போட்டபோதே தெரிந்துவிட்டது.

ஆகஸ்ட் 14, ஞாயிறு

ஒன்று: 0. இரண்டு: 1. மூன்று: 0. ஆடு குட்டி போட்டது. திருப்பூரிலிருந்து போன் வந்தது.

ஆகஸ்ட் 21, ஞாயிறு

ஒன்று: 0. இரண்டு: 1. மூன்று: 0.

இன்று ஜெயமாரி போனில் சொன்னதை நினைவு பிசகாமல் எழுதிவைக்கிறேன்.

"எல்லா உயிருக்குள்ளயும் எழுத்து இருக்கு ஆச்சி. சோளத்துக்கு இருக்கு, வண்டுக்கு இருக்கு, ஒனக்கும் இருக்கு. அத வாசிச்சுத்தான் ஒடம்பு தன்னக் கட்டிக்கிடுது."

"எத்தன எழுத்துட்டி?"

"நாலு."

"நமக்கு இருநூத்து நாப்பத்தேழு."

"அந்த நாலையே மாத்தி மாத்திப் போட்டு எழுபது கோடி எழுத்துக்கு மேல எழுதியிருக்கு, சோளத்துக்கு. அம்புட்டும் ஒரே செல்லுக்குள்ள இருக்கு."

"செல்லுக்குள்ளயா? அம்புட்டும் இந்தப் போனுக்குள்ள வந்துருமா?"

அவள் சிரித்ததில் போன் கரகரத்தது. ஒரு மணியைக் குட்டிக் குட்டி அறைகளாகக் கட்டியிருக்கிறதாம், அந்த அறைக்குப் பெயர் செல்லாம். அறைக்கு ஒரு எழுபது கோடி.

போனை வைத்தபிறகு ஒரு சோளத்தை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. வேறு நாளாக இருந்தால் என்னை நானே திட்டியிருப்பேன். கடிதாசி வாசிக்கத் தெரியும் என்பதால் தெருவில் என்னை நாலெழுத்துப் படித்தவள் என்பார்கள். அந்த நாலெழுத்தை வைத்துச் சோளம் இவ்வளவு எழுதியிருக்கிறது. இருநூற்று நாற்பத்தேழு எழுத்தைக் கையில் வைத்திருந்தும் நான் என்ன எழுதினேன்.

செப்டம்பர் 4, ஞாயிறு

ஒன்று: 1. இரண்டு: 3. மூன்று: 1. மழை இல்லை.

செப்டம்பர் 11, ஞாயிறு

ஒன்று: 2. மூன்று: 3. இரண்டு: 14.

துணியை அவிழ்த்ததும் புதுவண்டுகள் கூட்டமாக என் விரலில் ஏறின. முட்டை போட்டு ஐந்து வாரம் ஆகிறது, மணிக்குள்ளேயே வளர்ந்து ஓட்டை போட்டு வெளியே வருகின்றன. பானை அடியில் திருநீறு மாதிரி மாவு.

பக்கத்து வீட்டுப் பாண்டியம்மா எட்டிப் பார்த்தாள். "என்ன மதினி, தங்க மெடல் வாங்குன சோளம் இப்பிடிப் பொத்தலா நிக்கி. நம்ம ரேஷன் கட அரிசியே தேவல போலுக்கே."

நான் பானை வாயைக் கட்டினேன். அவள் சுவரைப் பார்த்தாள். "திருப்பூர்ல இருக்கவ படம் ஒண்ணும் இல்லயா மதினி?" என்றாள். காலண்டர் மாட்ட வேறு இடம் இல்லை என்றேன்.

செப்டம்பர் 15, வியாழன்

நல்ல வெயில். மொட்டைமாடியில் வேலை இருந்தது. சுளகு மேலே கிடந்தது. சாயங்காலம்தான் கீழே இறங்கினேன். கண் எரிகிறது. வேப்பமரத்தில் கொழுந்து விட்டிருக்கிறது.

செப்டம்பர் 18, ஞாயிறு

ஒன்று: 2. இரண்டு: 3. மூன்று: 4.

இரண்டாம் பானை நன்றாகத் தேறிவிட்டது. ஜெயமாரிக்குப் போனில் எண்களை வாசித்தேன். "ரெண்டு மூணா? சரியா எண்ணுனியா?" என்றாள். எண்ணினேன் என்றேன். எண்ணியது உண்மை.

செப்டம்பர் 25, ஞாயிறு

ஒன்று: 3. இரண்டு: 3. மூன்று: 4.

"ஆச்சி, பதினாலு எப்பிடி மூணாச்சு? விழுந்த ஓட்ட மூடிக்கிடவா செய்யும்?"

நான் இதை யோசிக்கவில்லை. என்னென்னவோ யோசித்தேன், இதை யோசிக்கவில்லை.

"கண்ணு சரியில்லயோ?" என்று அவளே கேட்டாள். ஆமாம், கொஞ்ச நாளாகவே மங்கல்தான் என்று சொல்லிவிட்டேன். என் கண்ணுக்கு ஒன்றும் இல்லை. ஊசியில் நூல் கோர்க்க இன்றைக்கும் பாண்டியம்மா என்னிடம்தான் வருகிறாள்.

அக்டோபர் 1, சனி

திருப்பூரிலிருந்து பார்சல். உள்ளே கண்ணாடி, துடைக்கத் துணி, இரண்டு பனியன் துணிப் பாவாடை. "அக்கா சொன்னா, கண்ணு தெரியலன்னு. இத வச்சு எண்ணு ஆச்சி" என்று சீட்டு. போட்டுப் பார்த்தேன். எல்லாம் கலங்கலாகத் தெரிகிறது. கழற்றி வைத்தேன்.

அக்டோபர் 5, புதன்

ஜெயமாரி போன் செய்தாள். குரலே சரியில்லை. வீட்டுக் கணக்கை எடுத்துவிடச் சொல்லிவிட்டாராம் சார். கண் தெரியாத வயதானவர்கள் எண்ணியதை யார் ஒப்புக்கொள்வார்கள் என்று கேட்டாராம். வீட்டுக் கணக்கு இல்லாவிட்டால் அவள் தீசிஸில் கடைசி அத்தியாயமே இல்லை. மூன்று வருஷம் எந்த வீட்டுக்கு ஆகும் என்று உழைத்தாளோ, அந்த வீடு அதில் இருக்காது.

"ஒம்மேல தப்பில்ல ஆச்சி. ஓங்கிட்டக் கொடுத்தது எந்தப்பு."

இந்தக் கடைசிப் பேச்சை மனதில் வைத்துக்கொண்டுதான் ராத்திரிச் சோறு தின்றேன்.

அக்டோபர் 8, சனி

திருப்பூரில் இருப்பவள் பெயர் கோமதி. ஜெயமாரிக்கு இளையவள். நர்சிங் படிப்பில் முதல் வருஷம் தவறிவிட்டது. இப்போது பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. துணியை வெளிச்சத்தில் விரித்துப் பிடித்து, ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கிற வேலை.

"கண்ணாடி சேந்துச்சா ஆச்சி?"

"சேந்துச்சு."

"நல்லாத் தெரியுதா?"

"பாவாட நல்லாருக்குட்டி."

"ஆச்சி. என்னமோ பண்ணிருக்க. என்ன பண்ண?"

அவளிடம் சொல்லிவிட்டேன். பானையை மாடிக்குக் கொண்டுபோய்க் கொட்டியது, வெயிலில் உலர்த்தியது, புடைத்தது, சாயங்காலம் வரை உட்கார்ந்து ஓட்டை மணியெல்லாம் பொறுக்கி எடுத்தது, கொழுந்து வேப்பிலை போட்டுக் கட்டியது. ஜெயமாரி பெற்ற பிள்ளை நாலு பேர் முன்னால் பொத்தலாக நிற்கக் கூடாது என்று செய்தேன்.

கோமதி சிரித்தாள். முழுச் சிரிப்பு இல்லை. "நான் பெயிலாயி வந்தப்பவும் தெருவுல லீவுக்கு வந்துருக்கான்னுதான சொன்ன. ஒரு வருசம் லீவு. ஆளு வந்தா என்ன அடுப்படிக்குள்ள போகச் சொல்லுவ. பெயிலானதவிட அதுதான் ஆச்சி எனக்கு... சரி விடு. அக்காட்டச் சொல்லிரு. எங்க கம்பெனில ஓட்டைய மறைச்சு அனுப்புனா மறுநாளே திரும்பி வந்துரும்."

அக்டோபர் 9, ஞாயிறு

செப்டம்பர் 15-ஆம் தேதி எழுதியதை ஒற்றைக் கோடு போட்டு அடித்துவிட்டு, நடந்ததைப் பக்கத்தில் எழுதித் தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டேன். பிறகு ஜெயமாரிக்குப் போன் செய்து அதையே வாசித்துக் காட்டினேன்.

 அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"ரெண்டயா ஆச்சி காப்பாத்துன?"

"ஒன்னுது அதுதானட்டி. ரெண்டு முடிச்சுப் போட்டியே."

"அதுல வண்டு கூட வரும், துணிய நெம்பிரும்னு போட்டேன். என்னுது மூணு. ரெண்டத் திங்கணும் ஆச்சி. ரெண்டத் திங்குற வண்டு மூணத் திங்க முடியாம நின்னாத்தான் மூணு ஜெயிச்சதுன்னு அர்த்தம்."

அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. வருகிறேன் என்று மட்டும் சொன்னாள்.

அக்டோபர் 16, ஞாயிறு

வந்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் பொறுக்கிய ஓட்டை மணிகளைக் கோழிக்குப் போடாமல் டப்பாவில் வைத்திருந்தேன், ஒவ்வொரு மணியும் கணக்கு என்று அவள் சொல்லியிருந்ததால். அதைப் பார்த்ததும் "திருடனே தடயத்தப் பத்திரமா வச்சிருக்கான்" என்றாள். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

நான் கை வைத்த நாளுக்கு முந்திய ஐந்து வாரக் கணக்கு செல்லுமாம். மிச்சம் செல்லாது. நவம்பரில் தீசிஸ் கொடுக்க முடியாது, ஜூனுக்குப் போய்விட்டது. ஆனால் போன வாரம் நான் போனில் படம் எடுத்து அனுப்பிய அந்த அடித்த பக்கத்தைப் பார்த்துவிட்டுச் சார், "அதே அம்மாவே எண்ணட்டும்" என்றாராம். புதுச் சோளமும் புது வண்டும் கொண்டுவந்திருக்கிறாள். இன்று மறுபடி முதல் நாள்.

பிறகு போனில் மணிக்குள்ளே எடுத்த படங்களைக் காட்டினாள். முடியை நூறாகப் பிளந்தால் எவ்வளவோ அந்த அளவையெல்லாம் பெரிதாக்கிக் காட்டுகிற மிஷினாம்.

ஒன்றாம் சோளத்துக்குள்ளே மாவு உருண்டைகள் கொத்தனார் அடுக்கிய மாதிரி நெருக்கி உட்கார்ந்திருந்தன. இடுக்கு முழுவதும் கடுகு கடுகாக உருண்டைகள். அதுதான் புரதமாம். சத்துமாவுப் பாக்கெட்டில் எத்தனையோ தரம் படித்த வார்த்தை, முகத்தை இன்றுதான் பார்த்தேன். இந்தக் கடுகுதான் மாவைக் கட்டிப் பிடித்துக் கல்லாக்குகிறது. இரண்டாம் சோளத்தில் கடுகெல்லாம் நெளிந்து கோணியிருந்தது. நடுவே காற்று. அந்தக் காற்றால்தான் வெள்ளையாகத் தெரிகிறதாம்.

"ஏன் கோணிருச்சு?"

"எழுபது கோடியில ஒரே ஒரு எழுத்து மாறிப்போச்சு ஆச்சி."

 ஆதார் அட்டையில் என் பெயரில் ஒரு கால் விட்டுப்போய் 'சண்முகத்தய்' என்று வந்ததற்கு ஒரு வருஷம் அலைந்தேன். இங்கே ஓர் எழுத்துக்கு ஒரு கல் மாவாகிவிட்டது.

"அப்ப ரெண்டு பிழையாப் போன விதைதான?"

"யாரு சொன்னா. அந்தக் கோணலாலதான் அது நம்ம வயித்துல லேசாக் கரையுது. சத்தும் அதுலதான் கூட. நின்னு தாங்கத்தான் தெரியல. ஒண்ணையும் ரெண்டையும் சேத்து நான் உண்டாக்குன மூணாவதுலயும் அந்த எழுத்து இருக்கு. ஒண்ணாவதுகிட்டயிருந்து வந்த வேற என்னமோ பக்கத்துல நின்னு அதத் தாங்கிப் பிடிக்குது. என்னன்னு எனக்கே இன்னும் முழுசாத் தெரியல."

டாக்டருக்குப் படிக்கிறவள் தெரியவில்லை என்கிறாள். வெட்கமே இல்லாமல், கண்ணெல்லாம் வெளிச்சமாகச் சொல்கிறாள். அவள் தங்க மெடல் வாங்கிய நாளில்கூட எனக்கு இப்படி மேல் சிலிர்த்ததில்லை.

பஸ் ஏறும்போது, "கோமதி வேலைக்குப் போனதாலதான் ஆச்சி நான் படிச்சுக்கிட்டு இருக்கேன். தெரியும்ல" என்றாள். தெரியும் என்றேன்.

நவம்பர் 20, ஞாயிறு

ஒன்று: 2. இரண்டு: 13. மூன்று: 3. சுளகைப் பாண்டியம்மா வீட்டில் கொடுத்துவைத்திருக்கிறேன். நான் கேட்டாலும் தராதே என்று சொல்லியாகிவிட்டது.

டிசம்பர் 11, ஞாயிறு

ஒன்று: 4. இரண்டு: 29. மூன்று: 5.

இரண்டாம் பானையில் காதை வைத்தால் சத்தம் கேட்கிறது. உள்ளே அரைக்கிற சத்தம். மூன்றாம் பானைக்கு வந்தேன். அதே வண்டுதான், அதே இருபதில் பெருகியதுதான், மணியின் மேல் ஏறி இறங்கி ஏறி இறங்கி ஒன்றும் முடியாமல் திரிகிறது. உள்ளே அந்தக் கோணல் எழுத்தை வைத்துக்கொண்டு வெளியே கல்லாக நிற்கிறது மணி. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பாண்டியம்மா, "கோயில்ல நிக்க மாதிரி நிக்கியே மதினி" என்றாள்.

டிசம்பர் 25, ஞாயிறு

ஒன்று: 5. இரண்டு: 41. மூன்று: 7. கை வைக்கவில்லை.

ஜனவரி 8, ஞாயிறு

கடைசி எண்ணிக்கை. ஒன்று: 6. இரண்டு: 57. மூன்று: 8.

மூன்று முறை எண்ணினேன். போனில் வாசித்ததும் ஜெயமாரி இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். அந்தப் பக்கம் யாரோ கைதட்டினார்கள். "சார் ஆச்சி" என்றாள்.

"மிஞ்சின ரெண்ட என்னட்டி செய்வ? குப்பைக்கா?"

"அதுக்கு விதை குளிர்ப்பெட்டில பத்திரமா இருக்கு. அது இல்லாம மூணு ஏது ஆச்சி."

ஜனவரி 10, செவ்வாய்

ஜெயமாரிக்கு. நோட்டை நாளை தபாலில் சேர்க்கிறேன். நீ போன மாதம் அனுப்பிய மூன்றாம் சோளத்து உள்படம் உன் படத்துச் சட்டத்தில் செருகி வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் வானத்துப் படமா என்று கேட்கிறார்கள். சோளம் என்றால் நம்பவில்லை. இரண்டாம் சோளத்துப் படமும் எனக்கு வேண்டும்.

சாருக்குச் சொல். நோட்டில் இன்னும் ஒரு பிழை இருந்தது. முதல் பக்கம், ஏழாம் தேதி, குடும்ப விவரம். 'பேரப்பிள்ளைகள் நாலு பேர்' என்பதை ஒற்றைக் கோடு போட்டு அடித்து, 'ஐந்து பேர்' என்று எழுதியிருக்கிறேன். 'ஐந்தாவது கோமதி, திருப்பூர், செக்கிங்' என்று சேர்த்துத் தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டாகிவிட்டது. அடித்தது படிக்கத் தெரிகிறது.

காலண்டரைக் கழற்றி அடுப்படியில் மாட்டிவிட்டேன். என்னிடம் இருக்கிற கோமதி படத்தில் அவள் இரட்டைச் சடையும் ரிப்பனுமாக இருக்கிறாள், அது ஒன்பதாவது படிக்கும்போது எடுத்தது. புதிதாக ஒன்று எடுத்து அனுப்பச் சொல். கம்பெனியில் துணியை விரித்துப் பிடித்து நிற்கிற மாதிரி இருந்தாலும் சரி. போனில் அனுப்ப வேண்டாம், கழுவி எடுத்துத் தபாலில் அனுப்ப வேண்டும். ஆணி காலியாக இருக்கிறது.